வலப்பக்கம் உட்கார்ந்தவன்

வாத்து வேட்டைக்கான மறைப்பில், டெல்மரின் துப்பாக்கி கக்கிய காலித் தோட்டா, பலகையில் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த தம்பி கிளோவிஸின் காதில் சுடச்சுட விழுந்தது.

"இந்தச் சனியனைத் தூக்கிப் போடு! இனிமே இதோட நீ வந்தா நான் வரல!"

"அப்ப இந்தப் பக்கம் வந்து உக்காருடா!"

"நாய்க்கூண்டு இங்கதான இருக்கு? உன் சொல்லை அந்த நாய் என்னைக்குக் கேட்டுச்சு? நான்தான பக்கத்துல இருந்து ஏவணும்?"

ஆர்கன்சாவின் நீர் தேங்கிய நெல்வயலிலிருந்து வாத்துகள் கலைந்து பறந்தன.

அடுத்த வாரம் டெல்மர் பக்கத்து டவுன் துப்பாக்கிக் கடைக்குப் போய், காட்டிய செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிகளையெல்லாம் ஒதுக்கித் தள்ளினார்.

"எல்லாமே வலப்பக்கம் துப்புது. இடப்பக்கம் துப்புறதை எடு."

"அது இடக்கைக்காரங்களுக்கு சார். நீங்க சுட்டா உங்க மூக்குக்கு முன்னாலயே பறக்கும்."

"என் மூக்கு. உனக்கென்னய்யா?"

"யாருக்காக இந்தக் கூத்து?"

"தம்பிக்கு. காதுல பட்டுச்சுன்னு குதிக்கிறான்."

"அவரை இடம் மாறி உக்காரச் சொல்லுங்களேன்."

"என் பேச்சை எந்தக் காலத்துல கேட்டான் அவன்? எடுய்யா!"

மறுநாள் விடியலில் வாத்துகள் தாழ இறங்கின. டெல்மர் சுட்டார். காலித் தோட்டா அவர் மூக்கருகே பறந்து இடப்பக்கத் தண்ணீரில் விழுந்தது.

"பாத்தியாடா? இப்பத் திருப்தியா?"

வலப்பக்கம் பலகை காலியாக இருந்தது. போன வாரம் அந்தச் சண்டை போட்டுவிட்டுத் தனியாகப் படகைக் கிளப்பிப் போன கிளோவிஸை, அதற்கடுத்த நாள் ஆற்றிலிருந்து பிணமாகத்தான் தூக்கினார்கள்.

விழுந்த வாத்தை எடுத்துவரச் சொல்லி டெல்மர் நாயை அதட்டினார். அது இப்போதும் அவர் சொல்லைக் கேட்கவில்லை.