இன்றைய புகை முடிந்தது

தீயணைப்பு வீராங்கனை எஸ்தரின் மணிக்கட்டுப் பட்டை அன்று காலையிலேயே சிவந்துவிட்டது. அவள் சுவாசிக்கும் புகைத் துகள்களை அளந்து, நுரையீரல் ஒரு நாளைக்குத் தாங்கும் அளவு முடிந்ததும் சிவப்பது அதன் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் மாடியில் பழைய ஒயர்களைக் கொளுத்தியதிலேயே அவளுடைய அளவு தீர்ந்திருந்தது.

பதினொரு மணிக்கு அம்பத்தூரில் ஒரு மெத்தைக் கிடங்கு பற்றிக்கொண்டது. காவலாளி உள்ளே மாட்டிக்கொண்டார். எஸ்தரோடு வண்டியில் வந்த ஒரே ஆளான ஓட்டுநர் தண்ணீர் பம்பை விட்டு நகர முடியாது. அவள் முகமூடியை மாட்டினாள். பட்டை சிவந்திருந்ததால் முகமூடிக்குக் காற்று தரும் உருளை தானாகப் பூட்டிக்கொண்டு திறக்கவில்லை.

கட்டுப்பாட்டு அறையை அழைத்தாள்.

“சார், இதைப் போட்டா புகையே உள்ள வராது. திறந்து விடுங்க!”

“இன்னிக்கு உங்க அளவு முடிஞ்சிடுச்சும்மா. உங்க நுரையீரலுக்காகத்தான் இந்த ரூல். அடுத்த வண்டி இருபது நிமிஷத்துல வந்துடும்.”

“அதுக்குள்ள அந்த மனுஷன் செத்துடுவாரு சார்!”

“நான் என்னம்மா பண்றது? சிஸ்டம் விடமாட்டேங்குது.”

எஸ்தர் முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு, நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். கரும்புகை தொண்டையை எரித்தது. தரையில் தவழ்ந்து, கையால் துழாவி, காவலாளியின் காலைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அவள் கரிச்சளியாக இருமிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. ‘முகமூடி அணியாமல் நுழைந்ததற்கான காரணத்தை விளக்கவும்.’

எஸ்தர் நர்ஸிடம் பேனா வாங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள்: ‘கேட்டேன். தரவில்லை.’