கைராசிக் கிராம்பு

கடைவாய்ப்பல்லில் குழி விழுந்ததை முதலில் கண்டுபிடித்தது நாக்குதான். வாய்க்குள் சும்மா சுற்றிவருவதுதானே அதற்கு வேலை!

"அண்ணே, சின்னக் குழிதான். இப்பவே டாக்டர்கிட்ட காட்டினா அடைச்சிடுவாங்க."

"வலியே இல்லாம டாக்டர்கிட்ட போக எனக்கென்ன வேண்டுதலா? போனா பிடுங்கித்தான் போடுவாங்க" என்றது பல்.

பிறகு வலி வந்தது. அஞ்சறைப்பெட்டியிலிருந்து கிராம்பு வந்து பக்கத்தில் படுத்ததும் வலி பறந்தது. "இவரல்லவா கைராசிக்காரர்!" என்று பல் உருகிப்போனது. அதற்கப்புறம் வலித்தபோதெல்லாம் கிராம்பு வந்தது. குழி மட்டும் சத்தமில்லாமல் வேர்வரை இறங்கியது. நாக்கு சொல்லிச் சொல்லி ஓய்ந்தேபோனது.

கன்னம் வீங்கிய பிறகுதான் டாக்டரிடம் போக நேர்ந்தது. இடுக்கி இறுக்கிப் பிடித்தபோதும் பல் நாக்கைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னது:

"பாத்தியா? டாக்டர்கிட்ட போனா பிடுங்கிடுவாங்கன்னு அன்னிக்கே சொன்னேன்ல!"