முப்பத்தேழரை டிகிரி

“இந்தப் பெட்டியில ஒரு குஞ்சாவது வெளிய வரட்டும். அதைப் பாத்துட்டு நீ உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடணும். சரியாம்மா?”

“சரி, மாமா.”

மகன் இறந்து ஓராண்டு முடிந்த மாதத்தில், மாமனாரும் மருமகளும் பேசி முடித்த பேச்சு அது. தெர்மோகோல் பெட்டியில் பல்பும் சின்ன விசிறியும் பொருத்தி, அந்தக் குஞ்சு பொரிக்கும் பெட்டியைச் செய்தவன் மகன்தான். அதில் ஒரு குஞ்சைப் பார்க்க அவனுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இரண்டு முறை முட்டை வைத்தாயிற்று. இரண்டு முறையும் பொரியவில்லை. இது மூன்றாவது.

தையல்காரராக இருந்த மாமனார், முழங்கால் வலி வந்தபின் வாசற்படி இறங்குவதில்லை. பெட்டியருகே நாற்காலி போட்டுக்கொண்டு வெப்பமானியையே பார்த்திருப்பார். முப்பத்தேழரையைத் தாண்டினால் மூடியை விரலளவு திறப்பார். கரண்ட் போனால் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டிலை வைத்து, மேலே கம்பளி போர்த்துவார்.

“பிள்ளை பெத்தவளைக்கூட இப்படிப் பொத்திப் பொத்திப் பாத்துக்க மாட்டாங்க. சாப்பிட வாங்க, மாமா.”

“இரும்மா, அரை டிகிரி இறங்கிடுச்சு. ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டேன். நீ சின்னப் பொண்ணு. இந்தக் கிழவனுக்குச் சோறு போட்டே உன் காலம் போயிடக் கூடாது.”

அவள் முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள்.

பொரிய வேண்டிய நாளும் கடந்தது. அவள் அண்ணன் வந்தான். மொத்த முட்டை வியாபாரி. பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

“மாமா, யார் காதுல பூ சுத்துறீங்க? உள்ள கருவே இல்ல. இது கடை முட்டை. சேவல் வாசனையே தெரியாத பண்ணைக் கோழி போட்டது. நெருப்புல வச்சாலும் பொரியாது. என் தங்கச்சிய அனுப்ப மனசில்லேன்னா, நேரா சொல்லியிருக்கலாமே!”

மாமனாரின் கை மூடியின் மேலேயே நின்றுவிட்டது.

“கடை முட்டையா?” என்றார் மெதுவாக. “மூணு தடவையுமா?”

அவர் மருமகளைத் திரும்பிப் பார்த்தார்.

“சேவலோட வளர்ற கோழி முட்டைன்னு சொல்லித்தானேம்மா ஒவ்வொரு தடவையும் வாங்கிட்டு வந்தே?”

பல்பு வெளிச்சத்தில் அவள் கண்கள் நிறைந்தன.

“நான் எங்கயும் போகல. இங்கயே இருந்துடறேன், மாமா!”