போட்டி நாள் சர்க்கரை

சிறு வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, தினமும் அம்மா கையால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெண் அவள். ஆனாலும் ஓட்டத்தில் அவளை மிஞ்ச பள்ளியில் ஆளில்லை.

பயிற்சி நாட்களில் சர்க்கரை அடங்கியிருக்கும். போட்டி நாளில் மட்டும் எகிறிவிடும். இன்றும் மீட்டரைப் பார்த்த கோச் உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு ஏறியிருந்தா ஓட விட முடியாதும்மா. மனசு விட்டுடாதே."

வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள்.

"யாருக்காவது குடுத்துடும்மா. இனிமே ஓடலை. எல்லாம் ஒழுங்காத்தானே பண்றோம்? என் உடம்பே எனக்கு எதிரியாயிடுச்சு."

"அப்படிச் சொல்லாதடி கண்ணு."

"நீ மட்டும் இல்லேன்னா நான் என்னம்மா ஆவேன்?"

அம்மாவின் மடியில் முகம் புதைத்துத் தேம்பினாள்.

போன வருஷம் ஓட்டத்தின் நடுவே சர்க்கரை இறங்கி, பேச்சுமூச்சில்லாமல் மண்ணில் கிடந்தவளை வாரியெடுத்தது அம்மாதான். அன்றிலிருந்து போட்டி நாள் காலையில், மகளுக்குத் தெரியாமல், ஊசியில் பாதி மருந்துதான் ஏற்றுகிறாள்.

இனி முழு அளவும் போடலாம். மகள் ஓடப்போவதில்லை.

நிம்மதி வந்திருக்க வேண்டும். மகளின் முதுகை ஒரு கையால் தடவிக்கொடுத்தபடியே, மறு கையில் இருந்த ஷூவைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.