யாரு நாயிங்க இது

கேட்டது பேக்கரிக்காரம்மா துளசிமணி. சுவரோரம் நின்றிருந்த அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த எல்லோரையும் பொதுவாகக் கேட்டாள்.

அவர் தன் டீ கிளாஸைப் பார்த்தார்.

படிக்குக் கீழே அது உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. பின்னங்கால்கள் மடங்கி விழுந்துவிட்டன. கிரேட் டேன் ஜாதி. நின்றால் அவர் இடுப்புக்கு வரும். இப்போது அதன் அடியிலிருந்து மூத்திரம் வழிந்து பேக்கரியின் முதல் படியை நனைத்துக்கொண்டிருந்தது.

கழுத்துப்பட்டையிலிருந்து கயிறு தொங்கியது. மறுமுனை தரையில் கிடந்தது.

கொஞ்சம் முன்பு வரை அது அவர் கையில் இருந்தது.

போன வாரம்தான் நாய்கள் காப்பகத்திலிருந்து கூட்டி வந்தார். வயதாகிவிட்டது, இடுப்பில் பலமில்லை, வீட்டைச் சுற்றி நடத்தினால் போதும் என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். பலமாகத் தலையாட்டிவிட்டு வந்தார். ஆனால் அவர் தெருவில் எல்லாரும் வளர்ப்பது மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற நாய்கள். இவ்வளவு பெரிய நாயை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தால் யார் பார்ப்பார்கள்?

மெயின் ரோட்டுக்கே வந்துவிட்டார். நல்ல வெயிலில்.

பார்த்தார்கள். பைக்குகள் வேகம் குறைந்தன. பள்ளிக்கூட வேனில் அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். நாய் நடுவில் நின்று நின்று அவரைப் பார்த்தது. வா வா என்று இழுத்தார்.

அப்புறம், பேக்கரிப் படிக்கு முன்னால், அது நிற்கவில்லை. விழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்டாப்பில் டவுன் பஸ் வந்து ஆட்களை இறக்கியது. கை தானாகக் கயிற்றை விட்டது. கால் தானாக அந்தக் கூட்டத்தோடு நடந்து பேக்கரி வாசலுக்கு ஏறியது.

தானாக ஒன்றும் நடக்கவில்லை. அவர்தான் விட்டார். அவர்தான் நடந்தார். ஒரு டீ சொன்னதும் அவர்தான்.

"கயித்தோட வுட்டுட்டுப் போயிருக்கறான் பாருங்க," என்றார் ஆட்டோக்காரர் பழனிச்சாமி. "குட்டியா இருக்கையில கொஞ்ச வேண்டீது. வயசானா ரோட்டுல தள்ளீர வேண்டீது."

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"மனசாட்சி இல்லாத ஜென்மங்க," என்றார் அவர்.

நன்றாகவே சொன்னார். குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

அந்தக் குரல் கேட்டதும் நாய் தலையைத் தூக்கியது.

முன்னங்கால்களை ஊன்றியது. தன் மூத்திரத்திலேயே வழுக்கியது. மறுபடியும் ஊன்றியது. துளசிமணி ஐயோ பாவமே என்றாள். அது எழுந்துவிட்டது. ஒவ்வொரு காலாகப் படியேறியது. கூட்டம் விலகி வழி விட்டது.

அவர் சுவரோடு ஒட்டி நின்றார். போக வேறு இடமில்லை.

நேராக வந்து அவர் தொடையில் தன் முழுக் கனத்தையும் சாய்த்துக்கொண்டு நின்றது. வந்த நாளிலிருந்தே அது அப்படித்தான் நிற்கும். டீ சட்டையில் கொட்டியது.

"பயந்துக்காதீங்க," என்றாள் துளசிமணி. "ஒண்ணும் பண்ணாதாட்ட இருக்குது. அதுக்கு உங்களப் புடிச்சுப்போச்சுங்க."

இப்போதாவது சொல்லலாம். என் நாய்தான். அவ்வளவுதானே. வாயைத் திறந்தார். சற்று முன் சொன்ன அந்த ஜென்மம் நான்தான் என்று அடுத்ததாகச் சொல்ல வேண்டியிருக்குமே என்று நினைத்தார். சட்டையில் கொட்டிய டீயைத் துடைத்தார்.

"நீங்களே கூட்டீட்டுப் போயிருங்கண்ணா," என்றார் பழனிச்சாமி. "கோடிப் புண்ணியம்."

"சரி," என்றார்.

அந்த இடமே மாறிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். துளசிமணி ஒரு வார்த்தை திட்டாமல் வாளித் தண்ணீரை எடுத்துவந்து படியைக் கழுவிவிட்டாள். கழுவிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு ரொட்டிப் பாக்கெட்டை அவரிடம் நீட்டினாள். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டதும் தடுத்தாள்.

"உங்ககிட்டப் போயி காசு வாங்குவனுங்களா? இந்தக் காலத்துல யாருங்க இப்படிச் செய்யறா?"

வாங்கிக்கொண்டார். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியும் வாங்கிக்கொண்டார்.

நடக்க முடியாத நாயைப் பழனிச்சாமியும் இன்னும் இரண்டு பேரும் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். வீட்டு வாசலிலேயே இறக்கி விடுவதாகப் பழனிச்சாமி சொன்னார். அவர் ஏறி உட்கார்ந்ததும் அது தலையை அவர் முழங்காலில் வைத்துக்கொண்டது.

துளசிமணி ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தாள்.

"பேரு என்னங்க வெக்கப்போறீங்க?"

அதற்குப் பெயர் இருக்கிறது. சுல்தான். காலையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வெளியே கூப்பிட்டார். இப்போது சொன்னால் காது நிமிரும். எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"மணி," என்றார்.

அது தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது.

பிறகு, அதற்கும் வாலை ஆட்டியது.