காமிரா இல்லாத படங்கள்

வாசகசாலையின் மேற்கு ஜன்னல் வழியே நாலு மணி வெயில் சாய்ந்து விழுகிறது. ஆணியில் தொங்கும் பதினோரு படங்களும் துறைமுகக் காற்றில் சுவரைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. காமிராவைத் தொடாமல், போட்டோக் காகிதத்தின் மேல் சங்கையும் மீன்முள்ளையும் கிழிந்த வலையையும் பரப்பி, வெளிச்சம் காட்டி, மருந்தில் அலசி, ஞானப்பூ டீச்சர் உலக யுத்தச் சண்டைக்காலம் முழுக்கச் செய்தவை அவை. கறுப்புக்கு நடுவே வெள்ளை நிழல்கள். இன்றுதான் கண்காட்சியின் திறப்புவிழா. வந்தவர்களில் ஒருத்திபோலத் தூணோரம் நின்று அவள் ஒட்டுக்கேட்கிறாள். "என்னலே இது, ஆஸ்பத்திரியில எலும்பைப் படம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்கிறான் ஒருவன். "வெளிச்சம் தானா வரைஞ்சிருக்கு. இதுல மனுசன் வேலை என்ன இருக்கு?" என்கிறான் கூட வந்தவன். ஒரு வலைக்கண்ணி மங்காமல் விழ எத்தனை காகிதம் பாழானது என்று சொல்ல அவளுக்கு நாக்கு நுனிவரை வருகிறது, விழுங்கிக்கொள்கிறாள். முந்தானை நுனி விரலில் கயிறாக முறுகுகிறது. உப்பு வியாபாரி சங்கரலிங்கம் அண்ணாச்சி ஒரு படத்தின் மரச்சட்டத்தைச் சுண்டிப் பார்த்து, "நல்ல தேக்கு" என்கிறார். அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று முன்னால் வருகிறாள். "அண்ணாச்சி, சட்டத்தை விட்டுட்டுப் படத்தைப் பாருங்க. நான் செஞ்சது. காமிரா இல்லாமலே செஞ்சது." குரல் கடைசியில் உடைந்துவிடுகிறது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மெய்யான இரக்கத்தோடு அவளைப் பார்க்கிறார். "காமிராவே இல்லையா? அடப் பாவமே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாங்கித் தந்திருப்பனே, டீச்சர்."