உடுத்தியிருப்பதற்குக் கட்டணம் இல்லை

“அய்யா, பெட்டி இந்த இரும்புக் கூண்டுக்குள்ள அடங்கணும். அடங்கலைன்னா ஐம்பது டாலர்.”

ஜைரோஸ் பெட்டியைக் கூண்டுக்குள் திணித்தார். முக்கால்வாசி போய் மாட்டிக்கொண்டது. முழங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். மேலே உட்கார்ந்து ஓர் அமுக்கு அமுக்கினார். பெட்டி அசையவில்லை, அவர் கால்சட்டையில்தான் எங்கோ தையல் விட்டது.

“மேல உக்காரக் கூடாதுங்க” என்றாள் விமான வாசலில் நின்ற பெண். மஞ்சள் மேல்சட்டை, சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம்.

“ஏம்மா, சீட்டுக்குத் தனிக் காசு, ஜன்னலுக்குத் தனிக் காசு, தண்ணிக்குத் தனிக் காசு, இப்ப பெட்டிக்குமா? பொண்ணு வீட்டுக்காரங்களே தேவலை! பொண்ணு கேட்டுப் போனா, வாயத் திறந்தா அபராதம், இருமினா அபராதம்னு அவங்களும்தான் வாங்குறாங்க. ஆனா கடைசியில ஒரு பொண்ணைக் குடுக்குறாங்க. நீங்க ஒரு பிஸ்கட்கூடக் குடுக்கலையே!”

வரிசையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்.

ஜைரோஸ் குரலைத் தாழ்த்தினார். “தாயி, என் அண்ணன் மகன் அனேசுவுக்குப் பொண்ணு கேட்டு ஹராரேக்குத் தூது போறேன். பெட்டியில இருக்கிறது பூரா சீர். பொண்ணோட அப்பாவுக்குக் கோட்டு, அம்மாவுக்குக் கம்பளியும் தொப்பியும். வெறுங்கையோட போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. கொஞ்சம் கண்ண மூடிக்கயேன்.”

அவள் ஒரு கணம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதாங்க.”

ஜைரோஸின் சொந்தப் பணம் ஹராரேயில் டாக்சிக்கும் பெண் வீட்டு அபராதங்களுக்கும் காணும், அவ்வளவுதான். மார்புப் பையில் ஓர் உறை இருந்தது. பெண்ணுக்காக மாப்பிள்ளை வீடு கொடுக்கும் பணம். அனேசு வெல்டிங் பட்டறையில் கண்ணெரியச் சேர்த்தது. அண்ணன் தன் கையால் ஒட்டிக் கொடுத்தது. அதை வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்தார்.

“அதான் இருக்கே பெரியவரே! ஒரு ஐம்பதை உருவுங்க. குறைஞ்சா ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்” என்றான் பின்னால் நின்றவன்.

சமாளிப்பதில் ஜைரோஸ் கெட்டிக்காரர்தான். அவர் வாங்கிய கடன்களுக்கு அவர் சொன்ன காரணங்களைத் தொகுத்தால் தனிப் புத்தகமே போடலாம். விரல் உறையின் ஓரம்வரை போனது. அங்கேயே நின்றது.

“இது என் பணம் இல்லப்பா” என்று உறையை உள்ளே வைத்தார். “நான் வெறும் பை.”

அந்தப் பெண் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அதே வறண்ட குரலில் சொன்னாள்: “நாங்க அளக்கிறது பெட்டியை மட்டும்தான். உடுத்தியிருக்கிறதை அளக்கிறதில்லை.”

“கிண்டலா?”

“விதிங்க.”

ஜைரோஸ் பெட்டியைத் திறந்தார். தன் கோட்டின்மேல் சம்பந்தியின் கோட்டை மாட்டினார். அதன்மேல் கம்பளியைப் போர்த்தினார். மிச்சமிருந்தது சம்பந்தியம்மாவின் தொப்பி. பக்கவாட்டில் ஊதாப் பூ வைத்தது. சொந்த மாமியாரின் முகத்தையே நிமிர்ந்து பார்த்திராத மனிதர், அண்ணன் மகனின் மாமியார் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஒட்டிப்போன பெட்டி சமர்த்தாகக் கூண்டுக்குள் இறங்கியது. வரிசை கைதட்டியது. யாரோ போட்டோகூட எடுத்தார்கள்.

வேர்த்து வழிய, அவர் அவளிடம் திரும்பினார். “நீ எந்த வீட்டுக்கு மருமகளாப் போகப்போறியோ மகளே, அந்த வீடு பாவம்!”

“அடுத்தவங்க வாங்க” என்றாள் அவள்.

மறுநாள் ஹராரேயில், பெண் வீட்டுக் கூடத்தில், வாய் திறந்ததற்கும் இருமியதற்கும் ஒழுங்காக அபராதம் கட்டிவிட்டு, ஜைரோஸ் உறையைத் தட்டில் வைத்தார். சீரைப் பரப்பினார். பெண்ணின் அத்தை கோட்டை எடுத்து முகர்ந்தாள். முகம் சுருங்கியது.

“வேர்வை நாத்தம் அடிக்குதே! எங்க அண்ணனுக்கு எவனோ போட்டுக் கழிச்ச கோட்டா? கோட்டே இந்த லட்சணம்னா உறைக்குள்ள என்ன இருக்குமோ!”

நடந்ததைச் சொன்னால் அதுவும் ஒரு சமாளிப்பாகவே தெரியும் என்று, வாயால் பிழைத்த ஜைரோஸ் கோட்டை வாங்கி மடித்துத் தட்டோரம் வைத்தார். அனேசுவின் முகம் கண்முன் வந்து போனது.

பெண்ணின் அப்பா கையமர்த்தினார். “பொண்ணைக் கூப்பிடுங்க. முறைப்படி அவளைக் கேட்டுடலாம்.”

பெண் வந்து தலை குனிந்து மண்டியிட்டாள். ஜைரோஸ் அவளைப் பார்க்கும் நிலையில் இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மகளே, இவரை உனக்குத் தெரியுமா? இவர் கொண்டுவந்ததை நாங்க வாங்கிக்கலாமா?”

“தெரியும்ப்பா. தாராளமா வாங்கிக்கலாம்.”

அந்த வறண்ட குரலைக் கேட்டு ஜைரோஸ் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

“கோட்டு புதுசுதான், நேத்து நான் இங்க கிளம்பி வர்றதுக்கு முன்னாடி, ஏர்போர்ட் டூட்டியில நான்தான் இவரைப் போட்டுக்க வச்சேன். கையில அவ்வளவு பணத்தை வச்சுக்கிட்டு, உறையைப் பிரிக்க மனசு வராம, ஊரே சிரிக்க அம்மா தொப்பியோட நின்னாரு, அதனால உறையை எண்ணிப் பார்க்க வேண்டாம்” என்றவள், முதல்முறையாகச் சிரித்தாள். “ஆனா நான் போகப்போற வீடு பாவம்னு சொன்னாரு. அதுக்கு மட்டும் ஐம்பது டாலர் போடுங்கப்பா.”